தேங்காய் எண்ணெய் உறையும் ஊரில் ஒரு .22 ரைபிள்: முதன்முறை தேர்ந்தெடுப்பவர்களுக்கு

குன்னூரில் டிசம்பர் மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. அடுப்புப் பக்கம் வைத்து உருக்கித்தான் தலையில் தேய்க்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரே தன் ரைபிளின் போல்ட்டுக்கு, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டுக்கு, தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டு, "தோட்டா எல்லாம் மட்டம், வெடிக்கவே மாட்டேன் என்கிறது" என்று என்னிடம் கொண்டுவந்தார். பழைய .22 (குழலின் உள்விட்டம் சுமார் 0.22 அங்குலம்), ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் வகை. கழற்றிப் பார்த்தால், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைச் சுற்றிலும் எண்ணெய் வெள்ளை மெழுகாக இறுகிக் கிடந்தது. ஸ்பிரிங் தள்ளுகிறது, பின் சோம்பலாக நகர்கிறது. தோட்டாவின் விளிம்பில் நகம் பட்டதுபோல் ஒரு கீறல், அவ்வளவுதான். துடைத்து உலர்த்திவிட்டு, மறுநாள் சுடுதளத்தில் அதே பெட்டித் தோட்டாக்களைப் போட்டோம். ஒன்றுகூடப் பொய்க்கவில்லை.

அதே வாரம் டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன் வீடியோவில் கூப்பிட்டான். "மாமா, விசையை அழுத்த அழுத்தத் தானாக அடுத்த தோட்டா ஏறும் .22 ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். நம்பகமானது எது, சொல்லுங்கள்." ராணுவத்தில் ஆர்மரராகப் பல வருடம் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவன் நான், ஒரு பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் நம்பகம் என்பது பெயரில் இல்லை. தோட்டா, தோட்டாக்களை அடுக்கும் மேகசின், சுடும்போது தோட்டா அமரும் சேம்பர் மூன்றும் ஒத்துப்போகிறதா என்பதில்தான் இருக்கிறது. அதை எப்படிப் பார்ப்பது என்று மூன்று இரவுகள் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: சட்டம்

அவன் ஊர்ச் சட்டம் வேறு, நம்முடையது வேறு. அவன் கேட்ட, தானாக அடுத்த தோட்டா ஏறும் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை நம் ஆயுத விதிகள் தனிக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வைத்திருக்கின்றன. கலெக்டர் அலுவலகத்தில் வழக்கமாகக் கிடைக்கும் உரிமத்தில் அது வரும் என்று எண்ணி யாரிடமும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இங்கே புதியவருக்கு ஏற்றது, கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் .22தான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மத்திய அரசு அங்கீகரித்த ரைபிள் கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குக் கேட்கும் துப்பாக்கியைத் தனியாகவே குறிப்பிடுகிறது. ஆகவே முதலில் கிளப், பிறகு உரிமம், கடைசியில் கடை. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் கூடாது; உரிமம் ஐந்து ஆண்டு செல்லும்.

கேரட் தோட்டத்தில் பன்றி இறங்குகிறது, தேயிலைக்குள் காட்டெருமை நிற்கிறது, அதற்காக ஒன்று வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்; .22 தோட்டா பெரிய விலங்கைக் கொல்லாது, புண்ணாக்கி வெறியேற்றும். காலையில் பறிக்கப் போகும் பெண்களின் எதிரே அது வந்து நிற்கும்.

இரண்டாம் படி: தோட்டாவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்

.22 லாங் ரைபிள் தோட்டா 1887ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. முழு நீளம் ஓர் அங்குலம். அடியில் ஒரு மெல்லிய விளிம்பு. வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அந்த விளிம்பின் உள்மடிப்பில்தான் இருக்கிறது. ஃபயரிங் பின் விளிம்பை நசுக்கினால் தோட்டா வெடிக்கும். கலவை மடிப்பு முழுக்கச் சீராகப் பரவாத தோட்டாவும் பெட்டிக்குள் வரும்; அந்த இடத்தில் அடி விழுந்தால் வெடிக்காது. அப்படி ஒன்று பொய்த்தால் குழலை, இலக்குக்குப் பின்னால் குண்டைத் தடுக்கும் மண்மேட்டுப் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள். பிறகு எடுத்து, சற்றே திருப்பிப் போட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும். இது துப்பாக்கியின் குற்றமில்லை.

ஈயக் குண்டின் மேல் மெழுகோ பிசுபிசுப்போ தடவியிருக்கும். விரலில் ஒட்டும் அதே பசைதான் சேம்பரிலும் ஒட்டும், கரியோடு சேர்ந்து இறுகும். ஊட்டிப் பனியில் இன்னும் கெட்டியாகும்.

இப்போது அரைத் தானியங்கிக்கு வருவோம். இந்த வகை .22 பெரும்பாலானவற்றில் போல்ட் எதிலும் பூட்டப்படுவதில்லை. போல்ட்டின் எடையும் ஒரு ஸ்பிரிங்குமே அதைப் பிடித்திருக்கின்றன. தோட்டா வெடித்ததும் வாயு காலிக் கூட்டைப் பின்னால் தள்ள, கூடு போல்ட்டைத் தள்ளுகிறது. திரும்பி வரும் போல்ட் அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. அந்தத் தள்ளுதல் குறைந்தால் எல்லாம் பாதியில் நிற்கும். 40 கிரெயின் குண்டு, அதாவது 2.6 கிராம், சாதாரண வேகத் தோட்டாவில் விநாடிக்குச் சுமார் 325 மீட்டர் போகும். அதிவேகத் தோட்டாவில் 375 மீட்டர். முன்னது துல்லியம், ஆனால் சில துப்பாக்கிகளின் போல்ட்டை முழுதாகத் தள்ளப் போதாது. கையால் இழுக்கும் ரைபிளுக்கு இந்தக் கவலையே இல்லை.

மூன்றாம் படி: கடையில் கையில் எடுக்கும்போது

பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரூகர் 10/22, 1964இல் வந்தது, சுழலும் பத்துத் தோட்டா மேகசின், உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். மார்லின் 60, 1960இல் வந்தது, குழலுக்கு அடியில் குழாய் மேகசின். பிரௌனிங் எஸ்ஏ-22, 1914இல் வந்த பழைய அழகி, காலிக் கூட்டைக் கீழே தள்ளும் என்பதால் இடக்கைக்காரருக்கும் தொந்தரவில்லை. மூன்றும் நல்லவையே. ஆனாலும் மருமகன் கையில் எடுக்கப்போகும் அந்த ஒரு துப்பாக்கி நல்லதா என்பதுதான் கேள்வி.

எடுத்தவுடன் மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். மேகசினைக் கழற்றினாலும் சேம்பரில் ஒன்று மீந்திருக்கலாம். வழக்கமான 10/22இல் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். மூடியிருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

அடுத்து டார்ச் அடித்துச் சேம்பர் வாயின் விளிம்பைப் பாருங்கள். தோட்டா இல்லாமல் விசையைச் சொடுக்கிச் சொடுக்கி விளையாடியிருந்தால், சில ரைபிள்களில் ஃபயரிங் பின் அந்த விளிம்பையே கொத்தியிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் காது குடையும் பஞ்சுக் குச்சியை விளிம்பில் சுற்றுங்கள். பஞ்சு இழை மாட்டினால் பிசிர் இருக்கிறது. பிசிர் இருந்தால் தோட்டா ஏறுவதிலும் காலிக் கூடு வெளியேறுவதிலும் சிக்கல்தான். பழைய ரைபிள் வாங்குபவர்கள் மற்றதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

மேகசினின் வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் உதடுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? குழாய் மேகசின் என்றால் உள்குழாயை உருவி மேசையில் உருட்டுங்கள். நெளிவு இருந்தால் தடுக்கும். பாதுகாப்புப் பொத்தானைப் போட்டு விசையை அழுத்துங்கள், பிறகு விசையை விட்டுவிட்டுப் பொத்தானை எடுங்கள். அப்போது டிக் என்று விழுந்தால் அந்தத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. தோளில் பதிக்கும் கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் நுனி விசையை எட்ட வேண்டும். தோளுக்குப் பொருந்தாததைப் பழகிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நான்காம் படி: நூற்றைம்பது தோட்டா

இதுதான் உண்மையான தேர்வு. வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளம் மருமகன் ஊரில் இருக்கிறது, நமக்குக் கிளப். மூன்று வகைத் தோட்டாவில் ஐம்பது ஐம்பதாக வாங்குங்கள். இரண்டு மேகசின் இருந்தால் அடியில் பெயிண்ட்டால் 1, 2 என்று எழுதுங்கள். பள்ளி நோட்டில் கோடு போட்டு, எந்த மேகசின், எந்தத் தோட்டா, எத்தனையாவதில் என்ன தகராறு என்று குறியுங்கள். சோம்பல்படாதீர்கள்; நினைவை நம்பினால், பிடித்த துப்பாக்கியின் தவறெல்லாம் மறந்துபோகும்.

காலிக் கூடு அடுப்புப் புகைக்குழாய் மாதிரி நட்டுக்குத்தாக மாட்டி நின்றால் தள்ளுதல் போதவில்லை: தோட்டா பலவீனம், அல்லது எண்ணெய் இறுகியிருக்கிறது. கூடு சேம்பரிலேயே தங்கினால் கொக்கிபோல் இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் முனை தேய்ந்திருக்கும், அல்லது சேம்பரில் கரி. புதிய தோட்டா மூக்கால் முட்டி நின்றால் மேகசினைச் சந்தேகியுங்கள். மருமகனின் நோட்டில் பதினொரு தகராறு இருந்தது. ஒன்பது இரண்டாம் எண் மேகசினில். துப்பாக்கியே சரியில்லை என்று விட்டுவிட இருந்தான். மேகசினை மாற்றியதும் அடுத்த நூறில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் வெடிக்காத தோட்டா. நூறுக்கு ஒன்று இரண்டு என்றால் .22இல் ஏற்றுக்கொள்ளலாம். ஐந்தைத் தாண்டினால் வேறு பாருங்கள்.

துல்லியத்தைக் கடைசியில் பாருங்கள். மணல் மூட்டையில் வைத்து 50 மீட்டரில் ஐந்து குண்டு. சர்வதேசப் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், அதைப் பார்த்து மிரள வேண்டாம். சாதாரண அரைத் தானியங்கி ஐந்தையும் நாலு சென்டிமீட்டருக்குள் போட்டால் போதும்.

குண்டு சிறியதுதானே என்று இருந்துவிடாதீர்கள். அது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடியது. பாறையில் பட்டால் எங்கு திரும்பும் என்று சொல்ல முடியாது. நம் மலைச்சரிவில் பனிமூட்டம் இரண்டு நிமிடத்தில் ஏறிவிடும். பின்னால் இருக்கும் மண்மேடு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், தேநீர் குடிக்கப் போகலாம்.

ஐந்தாம் படி: துருவோடு குடித்தனம்

குளிரில் இருந்துவிட்டு வந்த இரும்பைச் சூடான அறையில் திறந்தால் குளிர்ந்த கண்ணாடி டம்ளர்போல வியர்க்கும். பெட்டியோடு ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள், பிறகு திறந்து துடையுங்கள். தோல் உறையிலோ துணி உறையிலோ நிரந்தரமாக வைக்காதீர்கள். ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். நீலகிரித் தைலம் பழைய பிசுக்கைக் கரைக்க நன்றாக உதவும், ஆனால் கட்டையின் வார்னிஷில் படக் கூடாது. ஆவியாகிவிடும் என்பதால் துருவுக்குக் காவலும் ஆகாது. மேலே மெல்லிய துப்பாக்கி எண்ணெய், அல்லது தையல் மெஷின் எண்ணெய், ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும். குழலைச் சுத்தம் செய்ய வாய்ப்பக்கமாகக் கம்பி விடாதீர்கள், வாய் தேயும். என்சிசியில் பழகிய, துணியைக் குழலுக்குள் இழுத்துத் துடைக்கும் புல்த்ரூ கயிறே போதும். பெரிய குழலுள்ள .303 ரைபிளுக்கு வைக்கும் துணி அளவை அப்படியே வைத்தால் .22இல் சிக்கிக்கொள்ளும், சிறிதாக வெட்டுங்கள்.

இன்னொன்று, இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும், விலக்குப் பெற்றவர்கள் தவிர மற்றவர்களைத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்பி வர வாரக்கணக்கில் ஆகலாம். ஒருமுறை அவசரத்தில் வெறும் துணியால் துடைத்துக் கொடுத்துவிட்டேன். வாங்கும்போது குழலின் மேல் மிளகு தூவியதுபோலத் துருப்பொட்டு. இப்போதெல்லாம் வழக்கத்தைவிடத் தடிப்பாக எண்ணெய் பூசி, போல்ட்டின் எண்ணையும் ரைபிளின் எண்ணையும் ரசீதில் எழுத வைத்து, அதை அங்கேயே ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குகிறேன்.