மலை ஸ்டேஜ் கணிப்பு: எங்கே தப்புகிறது, ஏன் தப்புகிறது

மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் போட்டியான டூர் த பிரான்ஸின் மலை ஸ்டேஜ்கள் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்) நம் நேரப்படி இரவு எட்டரை, ஒன்பது மணி வாக்கில் முடியும். ஓசூரிலும் தருமபுரியிலும் விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கிறவர்களிடையே அன்று மத்தியானமே "இன்னைக்கு யாரு?" என்ற பேச்சு தொடங்கிவிடும். டூரை ஏற்கெனவே ஜெயித்த போகாச்சார், இல்லாவிட்டால் விங்கேகார்ட் என்று பதிலும் உடனே வரும். எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் போடும் ஒட்டுமொத்தப் பட்டியலுக்கு அந்தப் பதில் பெரும்பாலும் சரி. அன்றைய ஸ்டேஜுக்குப் பல நாள் சரிவராது.

ஒரே சாலையில் இரண்டு போட்டிகள் ஓடுகின்றன என்பதை மறப்பதுதான் முதல் தவறு. ஒன்று அன்றைய வெற்றிக்கு, இன்னொன்று ஒட்டுமொத்தப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சிக்கு. 2025 டூரில் மோன் வான்டூ மலை உச்சியில் ஜெயித்தவர் வாலன்டன் பாரே-பான்த்ர். கும்பலை விட்டுப் பிரிந்து முன்னால் போன குழுவில், அதாவது பிரேக்அவேயில் இருந்தவர். போகாச்சாரும் விங்கேகார்டும் பின்னால் ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். போகாச்சாருக்கு அப்போது நான்கு நிமிடத்துக்கு மேல் முன்னிலை இருந்தது. பிரேக்அவேயைத் துரத்தி டீமைக் களைப்பாக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே யார் பலசாலி என்பதற்கு முன்னால், துரத்தும் வேலையை யார் செய்வார்கள் என்று பாருங்கள். ஒரு டீமுக்கு 8 பேர்தான். பிரேக்அவேயில் இருப்பவர்களில் ஒட்டுமொத்தப் பட்டியலில் மேலே உள்ளவர் 15, 20 நிமிடம் பின்தங்கியிருந்தால் மஞ்சள் ஜெர்சிக்காரரின் டீம் கயிற்றை விட்டுப் பிடிக்கும். மற்ற டீம்களில் ஸ்டேஜ் வெற்றி வேண்டும் என்று அலைகிறவர்கள் இருந்தால் மட்டுமே இடைவெளி குறையும். கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் ஒரு சின்னக் கணக்கு போடலாம். 14 கி.மீ. ஏற்றத்தைத் துரத்துகிறவர்கள் மணிக்கு 21 கி.மீ. வேகத்தில் ஏறினால் 40 நிமிடம், பிரேக்அவே 19-ல் ஏறினால் 44 நிமிடம். வித்தியாசம் 4 நிமிடம். அடிவாரத்தில் பிரேக்அவேக்கு 3 நிமிடம்தான் இருந்தால் பிடிபட வாய்ப்பு அதிகம். 6 நிமிடம் இருந்தால் வெற்றியாளரை அந்தக் குழுவுக்குள்ளேயே தேடுங்கள்.

அடுத்தது சராசரிச் சாய்வை நம்புவது. 10 கி.மீ., 6 சதவீதம் என்று போட்டிருந்தால் மொத்தம் 600 மீட்டர் ஏற வேண்டும். முதல் 5 கி.மீ. 3 சதவீதம் என்றால் அதில் 150 மீட்டர்தான் தீர்ந்திருக்கும். மீதி 450 மீட்டர் அடுத்த 5 கி.மீட்டரில், அதாவது 9 சதவீதம். காகிதத்தில் சாதுவாகத் தெரிந்த மலை கடைசியில் எல்லோரையும் பிரித்துவிடும். ஸ்பெயினின் ஆங்லிரு ஏற்றம் சராசரியாகப் பத்து சதவீதத்தை ஒட்டி வரும், ஆனால் சில இடங்களில் 23 தொடும். அங்கே வேகம் இறங்கிவிடுவதால் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிவதில் பெரிய லாபமில்லை. எடை குறைந்தவருக்குச் சாதகம். 5 சதவீத ஏற்றத்தில் நிலைமை தலைகீழ். வேகம் அதிகம், காற்றை மறைக்கத் துணை ஆள் வேண்டும்.

மலையை மட்டும் பார்த்து, மலைக்குப் பின் வரும் சமதளத்தை விடுவதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு. இத்தாலியின் மூன்று வாரப் போட்டியான ஜீரோ த இத்தாலியாவின் 2025 ஓட்டத்தில் 20-ஆவது ஸ்டேஜ் இதற்குப் பாடம். அன்று காலை ஒட்டுமொத்தப் பட்டியலில் இசாக் டெல் டோரோ முதலிடம், கரபாஸ் 43 வினாடி பின்னால், சைமன் யேட்ஸ் 1 நிமிடம் 21 வினாடி பின்னால். கோலே தெல்லே ஃபினெஸ்த்ரே 18 கி.மீ. தாண்டும் ஏற்றம், கடைசி 8 கி.மீ. மண் பாதை. அங்கே யேட்ஸ் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனார். டெல் டோரோவும் கரபாஸும் 'நீ இழு' 'நீ இழு' என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் யேட்ஸின் டீம் சமதளத்தில் பலசாலியான வோட் வான் ஆர்ட்டை முன்கூட்டியே பிரேக்அவேக்குள் அனுப்பி வைத்திருந்தது. இறக்கத்துக்குப் பின் வான் ஆர்ட் காத்திருந்து, செஸ்த்ரியேரே நோக்கிய சாலையில் யேட்ஸுக்காகக் காற்றைக் கிழித்தார். இடைவெளி ஐந்து நிமிடத்தைத் தாண்டியது. ஜீரோவே யேட்ஸின் கைக்கு மாறியது. ஸ்டேஜை ஜெயித்தவர் பிரேக்அவேயில் இருந்த கிறிஸ் ஹார்ப்பர்.

அதனால் பிரேக்அவே போனதும் பெயர்ப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். மலையில் ஏறவே மாட்டார் என்று தெரிந்த பெரிய உடம்புக்காரர் அதில் இருந்தால், பெரும்பாலும் அவர் ஜெயிக்கப் போகவில்லை. பின்னால் வரப்போகும் தன் டீம் தலைவருக்காகப் போயிருக்கிறார்.

கடைசி ஏற்றத்தில்தான் எல்லாம் நடக்கும் என்பதும் பாதி உண்மையே. 2022 டூரில் கோல் து கிரானோன் என்ற கடைசி ஏற்றத்தில் போகாச்சார் விங்கேகார்டிடம் 2 நிமிடம் 51 வினாடி இழந்தார். இழப்பு கிரானோனில் தெரிந்தது, வேலை நடந்தது அதற்கு முந்தைய மலையான காலிபியேவில். விங்கேகார்டும் அவருடைய டீம்மேட் ரோக்லிச்சும் மாறி மாறித் தாக்க, போகாச்சார் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார். காலிபியே 2,642 மீட்டர்; நம் தொட்டபெட்டாவைவிட ஐந்து மீட்டர்தான் அதிகம். 2,000 மீட்டருக்கு மேல் ஆக்ஸிஜன் குறைவதால் எல்லோருடைய பவரும் இறங்கும், ஆளுக்கு ஆள் வேறு அளவில். தாழ்வான மலையில் ஜெயித்தவர் அங்கேயும் ஜெயிப்பார் என்று எழுதிவிடக் கூடாது.

நம்மூர் மலையை அளவுகோலாக எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தருமபுரி பக்கத்து வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவர்களுக்குச் சாய்வு என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும். ஆனால் அது காலை உடம்பில் ஒரே ஏற்றம். டூரில் வீரர்கள் 150 கி.மீ. ஓட்டிவிட்டு, வெயிலில், மூன்றாவது மலையில் நிற்கிறார்கள். மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து உள்ளே போகாவிட்டால் எந்தப் பலசாலியும் கடைசி ஐந்து கி.மீட்டரில் காலியாகிவிடுவார்.

நேற்று விழுந்தார், எனவே இன்று முடிந்தது என்பதும் அவசர முடிவு. 2025 டூரில் துலூஸ் நகரில் விழுந்த போகாச்சார் மறுநாளே ஓத்தகாம் மலையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். சிராய்ப்பு வேறு, எலும்பு முறிவு வேறு. மருத்துவ அறிக்கையைப் பாருங்கள், கிழிந்த ஜெர்சியை அல்ல.

வான்டூ மாதிரி மரமில்லாத உச்சி என்றால் காற்றின் திசையையும் பார்த்துவிடுங்கள். எதிர்காற்று அடித்தால் யாரும் தொலைவிலிருந்து தாக்க மாட்டார்கள். கடைசி ஒரு கி.மீ. வரை கும்பலாகவே வருவார்கள். பட்டியலில் சில வினாடி வித்தியாசம்தான் என்றால் முதல் மூவருக்குக் கிடைக்கும் 10, 6, 4 வினாடி போனஸுக்காக அங்கே ஸ்பிரிண்ட்டே நடக்கும். பெயரை எழுதும் முன் அன்று காலை யார் யார் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதைச் சரிபாருங்கள். மலையில் இழுக்கும் ஒரு துணை வீரர் காய்ச்சலில் விலகியிருந்தால் அவருடைய டீம் தலைவர் கடைசி ஏற்றத்தில் சீக்கிரமே தனியாள் ஆகிவிடுவார்.