முன்னாள் படைவீரர்களைப் படமெடுத்து விழா எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஃபீல்ட் மார்ஷல் கரியப்பா 1953-ல் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற நாள் அது. டிசம்பர் 7 கொடிநாள், 1949 முதல் அனுசரிக்கப்படுகிறது. இந்த நாட்களை ஒட்டி ஊரில் இருக்கும் பட்டாளத்துக்காரர்களை உட்காரவைத்து நல்ல போர்ட்ரெய்ட் எடுத்து, பெரிதாக பிரிண்ட் போட்டு, மண்டபத்தில் மாட்டி விழா நடத்த நினைக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் பள்ளிகளுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். செலவும் உழைப்பும் போட்டு நடத்தும் இப்படிப்பட்ட விழாக்கள் பல நேரம் சின்னச் சின்ன விவரங்களில் கோட்டை விடுகின்றன. எந்தப் பதக்கம், எந்தப் பக்கம், எந்தப் படைப்பிரிவு, எந்த வருடம் என்பதெல்லாம் நமக்குத் துணுக்குத் தகவல். அவருக்கோ அதுதான் வாழ்க்கை.

முதலில் பொன்னாடை. பீரோவில் பத்திரமாக வைத்திருந்த பதக்கங்களை எடுத்து, மகளோ பேரனோ நேராகக் குத்திவிட, பெரியவர் மேடைக்கு வருகிறார். வந்ததும் ஒரு சால்வை, அதன் மேல் ஒரு மாலை, இன்னொரு பிரமுகர் கையால் இன்னொரு சால்வை. கேமரா கிளிக் ஆகும்போது பதக்கம் ஒன்றுகூடத் தெரியாது. சரிகைதான் தெரியும். அதனால் விழா தொடங்கும் முன்பே, தனியாக, நல்ல வெளிச்சத்தில் போர்ட்ரெய்ட்டை எடுத்துவிடுங்கள். மேடையில் சால்வையைக் கையில் கொடுத்தாலே போதும். போர்த்தியே ஆக வேண்டும் என்றால் வலது தோளில் போடச் சொல்லுங்கள்.

ஏன் வலது தோள்? பதக்கங்களை வீரர் அணிவது இடது மார்பில். மதிப்பு வரிசையில் மூத்த பதக்கம் நடு மார்பை ஒட்டி இருக்கும், அதாவது பார்ப்பவர்களுக்கு வரிசையின் இடது ஓரத்தில். மறைந்த வீரரின் பதக்கங்களை மனைவியோ பிள்ளைகளோ அணிந்தால் வலது மார்பில் அணிவதுதான் வழக்கம். இப்போது பேனர் டிசைன் செய்பவரை நினைத்துப் பாருங்கள். எல்லா முகங்களும் நடுவில் இருக்கும் தலைப்பைப் பார்க்க வேண்டும் என்று பாதிப் படங்களைத் திருப்பிப் போட்டுவிடுகிறார். பதக்கம் வலது பக்கம் போய்விடுகிறது. விவரம் தெரிந்தவர் கண்ணுக்கு, உயிரோடு இருக்கும் மனிதர் வேறொருவரின் பதக்கத்தைக் குத்திக்கொண்டு நிற்பதுபோல் தெரியும். சில போன்களில் முன்பக்க கேமராவும் படத்தை இப்படித் திருப்பிச் சேமிக்கும். அச்சுக்குப் போகும் முன் சட்டைப் பொத்தானைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் இடது பக்கத் துணி மேலே வரும். மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

பதக்கம் மங்கலாக இருக்கிறதே என்று குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். நம் ராணுவப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள். தேய்க்கத் தேய்க்க அதுதான் முதலில் அழியும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். அந்த விளிம்பைக் கிட்டத்தில் வைத்துத் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தாரிடம் அதைக் காட்டிப் பாருங்கள், பல வீடுகளில் அப்படி ஒரு எழுத்து இருப்பதே தெரிந்திருக்காது.

அடுத்தது தலைப்பு எழுதுவது. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பதக்கம் என்றாலே வீரப்பதக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். வீரச் செயலுக்கான விருதுகள் தனி: போர்க்களத்தில் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா, மற்றபடி அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா, சேனா மெடலும் உண்டு. மற்றவை பெரும்பாலும் சேவைப் பதக்கங்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லோருக்கும் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் கிடைத்தது. 20 வருடப் பணிக்கு ஒரு பதக்கம் உண்டு. 1971 போருக்கு கிழக்கு முனையில் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் பஸ்சிமி ஸ்டார். கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் பெயரில் பதக்கங்கள். வெள்ளிவிழாப் பதக்கத்தைக் காட்டி "போரில் வீரப்பதக்கம் வென்றவர்" என்று மைக்கில் சொன்னால் எதிரே உட்கார்ந்திருக்கும் சக வீரர்கள் முன்னால் அந்த மனிதர் கூனிக் குறுகிப் போவார். பொய் சொன்னது அவர் இல்லை, ஆனால் பேச்சு அவருக்குத்தான் வரும். எழுதிய வாசகத்தை அவரிடமே படித்துக் காட்டி, ஒப்புதல் வாங்கிய பிறகு அச்சிடுங்கள்.

தமிழ்நாட்டுப் பட்டாளத்துக்காரர் எல்லோரும் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று நினைப்பதும் தவறு. 1758-ல் தொடங்கிய ரெஜிமென்ட், மையம் குன்னூர் பக்கத்து வெலிங்டன், முழக்கம் "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பெங்களூரில் மையம் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை), தகவல்தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸ், பீரங்கிப் படை, மருத்துவப் படை, சப்ளை, கடற்படை, விமானப்படை என்று நம்மவர்கள் எங்கும் இருந்திருக்கிறார்கள். மேடையில் எல்லோரையும் எழுப்பி அந்த முழக்கத்தைப் போடச் சொன்னால் பாதிப் பேர் சங்கடத்தோடு நிற்பார்கள். "துப்பாக்கி பிடிச்சு சண்டை போட்டவங்களை மட்டும் கூப்பிடுங்க" என்று பட்டியல் போடுவதும் இதே ரகம். 1971 டிசம்பரில் மேற்கு முனையின் பசந்தர் ஆற்றுப் பகுதியில் டாங்கிகள் முன்னேற, கண்ணிவெடிகளுக்கு நடுவே வழி திறந்தவர்கள் சாப்பர்ஸ். பனிமலையில் லாரி ஓட்டியவர், ஆயிரம் பேருக்குச் சமைத்தவர், ராணுவ மருத்துவமனையில் செவிலியராக இருந்த அம்மா ஆகியோரும் பட்டியலில் வர வேண்டும். சிப்பாயாகச் சேர்ந்தவர்கள் பலர் நாற்பது வயதுக்குள்ளேயே ஓய்வுபெற்று வந்துவிடுவதால், இன்று பேங்க் வாசலில் செக்யூரிட்டியாக நிற்பவரும் முன்னாள் படைவீரராக இருக்கலாம்.

வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. வேலூரிலிருந்து 277 பேர் முதல் உலகப்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று சொல்லும். ஒரு பெயர்கூட இருக்காது. இன்று கையில் கேமராவும் பேனாவும் வைத்துக்கொண்டு நாமும் "நமது ஊர் ராணுவ வீரர்கள்" என்று பொதுவாக எழுதிவிட்டுப் போனால் எப்படி?

சீருடை விஷயத்தில் விளையாடவே கூடாது. நாடகக் கம்பெனியில் வாடகைக்கு எடுத்த யூனிஃபார்மைப் போட்டுப் படம் எடுப்பது அவமரியாதை. படைவீரர் அல்லாதவர் தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்பும்படி சீருடை அணிவது சட்டப்படி குற்றமும்கூட, அதனால் "பின்னணிக்கு" நாலு பையன்களுக்கு மாட்டிவிடுவதும் வேண்டாம். கம்ப்யூட்டரில் சீருடை ஒட்டுவது இன்னும் மோசம். 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் அறிமுகமான புதிய உருமறைப்புச் சீருடையை 1971-ல் ஆலிவ் பச்சை உடுத்திப் போரிட்டவருக்கு மாட்டிவிடுகிறார்கள். வெள்ளை வேட்டி சட்டையிலோ, ரெஜிமென்ட் டை கட்டிய கோட்டிலோ, அவருக்கு எது பிடிக்கிறதோ அதில் எடுங்கள்.

தேசியக்கொடியைத் தோளில் போர்த்திவிடுவதும், மடியில் விரிப்பதும், படத்தின் மேல் திரையாகப் போட்டுத் திறந்துவைப்பதும் வேண்டாம். கொடியைப் போர்வையாகவோ திரையாகவோ பயன்படுத்தக் கூடாது என்பது விதி. கம்பத்தில் பறக்கட்டும், அதன் பக்கத்தில் அவர் நிற்கட்டும்.

முகத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றுதான்: வெள்ளையாக்காதீர்கள். சுருக்கத்தையும் தழும்பையும் அழித்து வழவழப்பாக்கும் பழக்கத்தை ஸ்டூடியோவிலேயே விட்டுவிட்டு வாருங்கள். திண்ணையில் பக்கவாட்டு வெளிச்சமே போதும். கேமரா அவர் கண் மட்டத்தில் இருக்கட்டும். போர்ட்ரெய்ட் மோடில் பின்னணி மங்கும்போது மீசை நுனியும் தொப்பி விளிம்பும் சேர்ந்து கரையும், அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். பீரங்கிப் படையில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாக இருக்கலாம், எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். அப்புறம், உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மாலை போட்டு முன்னால் விளக்கேற்றாதீர்கள். நம் வீடுகளில் அது யாருக்குச் செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். "வீரவணக்கம்" என்ற வாசகமும் அப்படித்தான்.

ஜனவரி 14 நமக்குப் போகியாகவோ பொங்கலாகவோ வந்துவிடும். அன்று காலையில் கூட்டம் போட்டால் யாரும் வர முடியாது. காணும் பொங்கல் மாலை வைத்தால் வெளியூர்ப் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்து பார்ப்பார்கள். வரவேற்புக்குச் சரவெடி வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. சிறப்பு விருந்தினர் வரும்வரை எண்பது வயதுக்காரர்களை வெயிலில் காக்கவைக்கக் கூடாது. நேரத்துக்குப் பழகியவர்கள், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

மேடையில் "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று மாணவரை விட்டுக் கேட்கவைப்பது கொடுமை. குறிப்பாக 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கை போனவர்களிடம். அங்கே இந்தியப் படையினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழ் மக்களும் அந்த மோதலில் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். அங்கே பணியாற்றிய தமிழ்ச் சிப்பாய் அதைப் பற்றி மனைவியிடம்கூடப் பேசாமல் இருந்திருக்கலாம். நூறு பேர் முன்னால் மைக்கை நீட்டி அதைக் கிளறவும் கூடாது, அந்த மூன்று வருடங்களை அவருடைய குறிப்பிலிருந்து நாமாக வெட்டிவிடவும் கூடாது. எழுதலாமா என்று தனியாகக் கேளுங்கள், அவர் சொல்வதே முடிவு.

படம் எடுக்கப் போகும் வீட்டில் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆணையையும் ஆசையாக எடுத்துக் காட்டுவார்கள். படித்துக் குறிப்பெடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போடாதீர்கள். அந்த எண்களை வைத்து பென்ஷன்காரர்களை ஏமாற்றப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய குரூப் போட்டோவை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே நகல் எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயல வேண்டாம்.

விழா முடிந்ததும் பிரிண்டுகளைச் சங்கக் கட்டடத்தில் அடுக்கிவைத்துவிட்டுக் கலைந்துபோவதுதான் அதிகம் நடக்கிறது. ஒரு பிரதி அவர் வீட்டுக்கு, கோப்பு பிள்ளைகளுக்கு, இன்னொரு பிரதி அவர் படித்த பள்ளிக்கு என்று முதலிலேயே செலவில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் பெயர், பதவி, படைப்பிரிவு, சேர்ந்த வருடம், ஓய்வுபெற்ற வருடம், படம் எடுத்த தேதி ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் படத்தில் தடம் விழும், மென்மையான பென்சில் நல்லது.