கதைசொல்லலைக் கலையாகப் படிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாய்மொழிக் கதைசொல்லலை ஒரு நிகழ்த்து கலையாகப் படிக்க வேண்டும், அதிலேயே ஆய்வும் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்குச் சேலம் நல்ல இடம். தெருக்கூத்து, பொம்மலாட்டம், தோல்பாவைக்கூத்து எல்லாம் இந்த மாவட்டத்து மண்ணில் உள்ளவை. வடக்கே நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலை. சாமி கதை, குலம் வந்த கதை, பேய்க்கதை என்று சொல்வதற்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இத்தனை இருந்தும் படிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான தவறுகளைச் செய்கிறார்கள். அவை ஆர்வக் குறைவால் வருவதில்லை. பள்ளியிலிருந்தே கதை என்றால் அச்சிட்ட பக்கம் என்று பழகிவிட்டோம், அதனால் வருகிறவை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கதையை எழுதி எடுத்துக்கொண்டால் கதைசொல்லல் கைக்கு வந்துவிட்டது என்று நினைப்பது. ஏற்காட்டுப் பக்கம் ஓர் ஊரில் ஒரு ஆயா (பாட்டி) சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “போனான்... போனான்... போய்க்கிட்டே இருந்தான்.” ஒவ்வொரு “போனான்” முடிந்ததும் எதிரே இருக்கிற பிள்ளை “ம்” கொட்டுகிறது. மூன்றாவது முறை ஆயாவின் குரல் இழுபடுகிறது, கை தூரத்தைக் காட்டுகிறது. ஆய்வு மாணவர் வீட்டுக்கு வந்து இதை “அவன் நெடுந்தூரம் பயணித்தான்” என்று எழுதிவிடுகிறார். தகவல் சரிதான். ஆனால் தூரம் காணாமல் போய்விட்டது. அந்தத் தூரத்தை ஆயா நேரத்தால் கட்டியிருந்தார். பிள்ளையின் “ம்” அதற்கு முட்டுக் கொடுத்திருந்தது. நிகழ்த்து கலையாகப் படிக்கிறவருக்கு வேண்டியதே இந்த இழுப்பும் நிறுத்தமும் “ம்”மும்தான். எழுதும்போது சொன்னபடியே எழுதுங்கள். எங்கே நிறுத்தினார், எங்கே கேட்டவர்கள் சிரித்தார்கள், யார் குறுக்கே பேசினார் என்பதையெல்லாம் அதே வரியில் குறித்து வையுங்கள். பேச்சுத் தமிழை மேடைத் தமிழாகத் திருத்தாதீர்கள்.

கொங்குப் பகுதியில் இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அண்ணன்மார் கதையை (பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் வீரக்கதையை) ஒலிநாடாவில் பதிவு செய்தார். ஊர் மக்கள் முன்னால் 18 இரவுகள் நடந்த உடுக்கைப் பாட்டு அது. அதே பாடகர் அதே கதையைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிய பிரதியும் உண்டு. இரண்டும் ஒன்றாக இல்லை. பெக் அவற்றை ஒப்பிட்டே எழுதியிருக்கிறார். எதிரே ஊர் உட்கார்ந்திருப்பதும், பேனா பிடித்த ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பதும் கதையையே மாற்றுகின்றன. அதனால் “எனக்கு மட்டும் ஒரு தடவை சொல்லுங்கம்மா” என்று தனியே கூப்பிட்டு வாங்கிய கதையை வைத்துக்கொண்டு அந்த ஊரின் கதைசொல்லலைப் பற்றி முடிவு எழுதக் கூடாது. அப்படித்தான் கிடைத்தது என்றால், அப்படிக் கிடைத்தது என்று எழுதிவிடுங்கள்.

இதையொட்டி இன்னொன்று. மைக்கைச் சொல்பவரின் சட்டையில் மாட்டிவிட்டால் அவர் குரல் தெளிவாக விழும், கேட்பவர்கள் காணாமல் போவார்கள். கேட்பவர்கள் பக்கமும் ஒரு பதிவுக் கருவி இருக்கட்டும், செல்போனாக இருந்தாலும் சரி. மலையில் காற்று பலமாக அடிக்கும், மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். கதை முடிந்ததும் உடனே அணைக்காதீர்கள். “எங்க தாத்தா இதை வேற மாதிரி சொல்வாரு” என்று யாராவது ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்.

அந்த “வேற மாதிரி”யைக் கண்டு பலர் பயந்துபோகிறார்கள். எது அசல் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளின் குலக்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். (பேரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழ்.) காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்தார்கள், பெரியவர் சேர்வராயன் மலையிலும் மற்றவர்கள் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்று ஒரு வடிவம். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பிலும் இந்தக் கதை இருக்கிறது. ஏன் காஞ்சியை விட்டார்கள், யார் எந்த மலைக்குப் போனார் என்பதெல்லாம் சொல்பவருக்கு ஏற்ப மாறும். தர்ஸ்டன் அச்சிட்டதால் அது அசல் ஆகிவிடாது. அதுவும் ஒரு நாள் ஒருவர் சொன்னதுதான், அச்சில் ஏறியதால் அப்படியே நின்றுவிட்டது. எது சரி என்று கேட்டால் சொல்பவர் சங்கடப்படுவார், சில சமயம் அடுத்தவர் சொன்னதை மறுத்துவிட்டுப் பேச்சையே முடித்துவிடுவார். யாரிடம் கேட்டீர்கள், எப்போது சொல்வார்கள், உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எதை விட்டுவிடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கலை நுணுக்கம் இந்தப் பதில்களில் இருக்கிறது.

நீங்களே மேடையேறிச் சொல்லும்போது வருகிற தவறு, மனப்பாடம். பயத்தால் வருவது, புரிகிறது. ஆனால் மனப்பாடம் செய்தவரின் கண் உள்ளே திரும்பி வரிகளைத் தேடிக்கொண்டிருக்கும், எதிரே இருப்பவரைப் பார்க்காது. அமெரிக்க ஆய்வாளர் மில்மன் பாரியும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் 1930களில் யூகோஸ்லாவியாவில் காவியப் பாடகர்களைப் பதிவு செய்தார்கள். சொல்லுக்குச் சொல் அதே பாட்டைத்தான் பாடுகிறேன் என்று பாடகர் உறுதியாகச் சொல்வார். பதிவுகளை வைத்துப் பார்த்தால் ஒன்று போல் இன்னொன்று இராது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் பாட்டு என்பது வரிகளின் அடுக்கு அல்ல. கதைப்போக்கும் பழகிய தொடர்களும் கைவசம் இருக்கின்றன, ஒவ்வொரு முறையும் பாடும்போதே பாட்டு உருவாகிறது. நீங்களும் நிகழ்ச்சிகளின் வரிசை, கண்ணில் தெரிய வேண்டிய காட்சிகள், மாறாமல் வர வேண்டிய சில தொடர்கள், இவ்வளவை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மீதியை எதிரே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. ராஜா வந்தால் ராஜாவாக நடப்பது, புலி வந்தால் நாலு காலில் தவழ்வது. மேச்சேரி, ஓமலூர்ப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் கூத்துக்கு வேஷம், அடவு, மிருதங்கம், பின்பாட்டு என்று பல வருஷப் பயிற்சி இருக்கிறது. அதில் கால்பங்கை எடுத்து ஒட்டினால் இரண்டு கலையும் கெடும். கதைசொல்லி கதாபாத்திரத்தை லேசாகத் தொட்டுக் காட்டிவிட்டு மறுபடி கதைசொல்லியாகவே திரும்பி வர வேண்டியவர். கூத்திலிருந்து கற்க வேண்டுமானால் கூத்தின் கோமாளியான கட்டியங்காரனைக் கவனியுங்கள். அவர் துரியோதனனின் கதைக்கு உள்ளேயும் இருப்பார், அடுத்த நொடியில் முன்வரிசைக்காரரிடம் ஊர் விஷயமும் பேசுவார்.

இனி ஆய்வுக்கு வருவோம். கலைவழி ஆய்வு என்றதும் நிறையப் பேர் ஒரு நிகழ்ச்சி நடத்திவிட்டு, பிறகு இருபது பக்கம் எழுதிப் பின்னால் கட்டிவிடுகிறார்கள். 1993இல் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் ஒரு பாகுபாடு சொன்னார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலை வழியான ஆய்வு, கலைக்கான ஆய்வு. நடுவில் உள்ளதைச் செய்ய வேண்டுமென்றால், கதை சொல்லிப் பார்த்தால் மட்டுமே விடை தெரியக்கூடிய ஒரு கேள்வி உங்களிடம் இருக்க வேண்டும். “சேலத்தில் கதைசொல்லல்” என்பது தலைப்பு, கேள்வி அல்ல.

ஒரு உதாரணம். மலை உச்சியில் சேர்வராயன் கோயில் குகை. அது காவிரி வரை போகிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கோயில் வாசலில் உட்கார்ந்து சொல்பவர் கையை நீட்டினால் போதும், குகை அதோ இருக்கிறது. அதே கதையை சேலம் நகரத்து அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சொன்னால் குகை தெரியாது, ஆனால் ஜன்னல் வழியாக மலை தெரியும். சென்னையில் சொன்னால் மலையும் இல்லை. நீட்டிய அந்தக் கைக்குப் பதிலாகக் கதைசொல்லி எதை வைக்கிறார்? வர்ணனையா, மௌனமா, கேட்பவர் ஊரில் உள்ள ஒரு கிணறா? இது நூலகத்தில் விடை கிடைக்காத கேள்வி. வேறு வேறு இடங்களில் சொல்லி, ஒவ்வொன்றையும் பதிவு செய்து, அன்றைக்கே எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுதி வைத்தால்தான் பிடிபடும். இரண்டு நாள் தள்ளிப் போட்டால் மாற்றியதே மறந்துவிடும். கேட்டவர்களில் சிலரிடம் எந்த இடம் கண்ணில் தெரிந்தது என்றும் கேளுங்கள். “மனசுக்கு நிறைவாக இருந்தது” என்ற உங்கள் அனுபவம் மட்டும் ஆய்வாகாது. முடிவுகளை வெறும் எழுத்தாகத்தான் தர வேண்டும் என்றும் இல்லை. 2011இல் வெளிவரத் தொடங்கிய கலை ஆய்வுக்கான பன்னாட்டு இணைய இதழ் ஒன்று ஒலியையும் காணொளியையும் கட்டுரைக்குள்ளேயே வைத்து வெளியிடுகிறது.

நேரம் பார்க்காமல் போவதும் தவறு. காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் எஸ்டேட்டுக்குப் போகிறவர்களைப் பகலில் பிடித்து உட்கார வைக்காதீர்கள், அது அவர்கள் கூலி நேரம். அண்ணன்மார் கதையில், வீரர்கள் மாண்டு விழும் படுகளம் போன்ற பகுதிகளில் கேட்பவர்கள் அருள் வந்து விழுவதுண்டு. அதை மாலை நாலு மணிக்கு மாதிரிக்குச் சொல்லிக் காட்டுங்கள் என்று கேட்கக் கூடாது. சில சாமி கதைகளைத் திருவிழாவுக்கு வெளியே சொல்லமாட்டோம் என்றால், சரி என்று எழுந்துவிடுங்கள்.

கடைசியாகப் பணமும் பெயரும். கூத்து வாத்தியாருக்கு ஓர் இரவுக்குச் சம்பளம் உண்டு. அவரை ஆய்வுக்காக இலவசமாக ஆடச் சொல்வது அநியாயம். கதை சொன்ன ஆயாவுக்கும் அன்றைய கூலியையாவது கொடுங்கள். பெயரைப் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், போடச் சொன்னால் நன்றியுரையின் மூலையில் இல்லாமல் கதைக்கு நேராகப் போடுங்கள். பதிவை அவர்கள் வீட்டுப் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். யூடியூபில் போடுவது வேறு சம்மதம், அதைத் தனியாகக் கேட்க வேண்டும். சாமி கதை, குலக்கதை என்றால் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பதிவு உங்கள் ஆய்வேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது.