அகத்தியர்கூடம்: ஏறத் தயாராகிறவர்கள் செய்யும் தவறுகள்

அகத்தியர்கூடம், மேற்குத் தொடர்ச்சி மலையில் கேரளப் பக்கமிருந்து ஏறும் மூன்று நாள் நடை. இந்த ஜனவரியில், உச்சிக்குப் போய்வந்த மறுநாள் காலை. வழியில் இரவு தங்கும் அதிருமலை முகாமில் சாப்பாட்டுக்குப் போகும் சின்னச் சரிவில் ஒரு தம்பி நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். "ஏறும்போது ஒண்ணுமே தெரியலண்ணா" என்றார். பத்து வருடத்துக்கு முன் நானும் இதே வசனத்தை இதே இடத்தில் சொன்னவன்தான்.

அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை, பிளாஸ்டிக் தடை எல்லாம் ஊருக்கே தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாடியேறிப் பழகி, லிஃப்டில் இறங்குவது

தம்பிக்குச் சென்னையில் அடுக்குமாடி வீடு. இரண்டு மாதம் தினமும் முதுகில் பையோடு படியேறியிருக்கிறார். இறங்குவது? "லிஃப்ட்லண்ணா, டைம் மிச்சம்." எனக்குக் கோபம் வந்தது. அதில் பாதி என்மேல். நான் பழகியது ஜிம்மில், ட்ரெட்மில்லின் சாய்வை உயர்த்தி வைத்து. அந்த மெஷினில் ஏற்றம் மட்டும்தான் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். நடை தொடங்கும் போனக்காட்டிலிருந்து அதிருமலைக்கு முதல் நாள் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். இரண்டாம் நாள் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் உச்சிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் போல. ஏறி அன்றைக்கே முகாமுக்கு இறங்க வேண்டும். மூன்றாம் நாள் திரும்பவும் அந்த 15. உச்சியில் நின்று போட்டோ எடுக்கும்போது பாதி வழிதான் முடிந்திருக்கிறது.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது, பிரேக் மாதிரி. மூச்சு வாங்காததால் சுலபமாகத் தோன்றும். ஆனால் தசை நார்கள் நுணுக்கமாகக் கிழிவது இந்த வேலையில்தான் அதிகம். வலி உடனே வராது. ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு வந்து, இரண்டு மூன்று நாள் தங்கும். அதாவது, சரியாக மூன்றாம் நாள் காலை, போனக்காட்டுக்கு நடந்தே ஆக வேண்டிய நேரத்தில் வந்து நிற்கும்.

முதல் பயணத்தில் முட்டிடிச்சான் தேரியை நான் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன். தேரி என்றால் அந்தப் பக்கத்தில் ஏற்றம். மிச்சத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது. ஏற எடுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் இறங்க எடுத்தது. கூட வந்த காணிப் பழங்குடி வழிகாட்டி, ரப்பர் செருப்போடு, என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து காத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். புறப்படுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே இறங்கிப் பழகத் தொடங்குங்கள். லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினாலும் பாதகமில்லை. இறக்கத்தில் ஒருமுறை நன்றாக அடிவாங்கிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவாக வலிக்காது. கடைசி ஒரு வாரம் ஓய்வு. மலையில் சின்னச் சின்ன அடியாக, முட்டியை லேசாக மடக்கியபடி இறங்குங்கள். இதைச் சொன்னால் "இறங்குறதுக்கெல்லாமா பிராக்டீஸ்?" என்று சிரிக்கிறவர் ஒருவராவது வருடா வருடம் வந்துவிடுகிறார்.

சமதளத்தில் நின்று ஷூ வாங்குவது

கடையில் கச்சிதமாக இருந்த ஷூ, இறக்கத்தில் கட்டைவிரல் நகத்தை முன்பக்கம் இடித்துக்கொண்டே வரும். எனக்கு இரண்டு நகம் கறுத்து விழுந்து, முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், மலைக்குப் போடப்போகும் சாக்ஸோடு போய்ப் பாருங்கள். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். லூஸாக இருந்தால் வழுக்கும் என்று கடைக்காரர் சொல்வார். வழுக்காமல் பிடிப்பது லேஸின் வேலை. இறங்கத் தொடங்குமுன் அவிழ்த்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்காரவைத்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். நகத்தை இரண்டு நாள் முன்னதாகவே வெட்டிவிடுங்கள்.

அட்டயாற்றில் பாட்டிலை நிரப்பாதது

முதல் நாள் கரமனையாறு, வாழப்பைந்தியாறு என்று வரிசையாக ஓடை வருவதால் தண்ணீர் எங்கேயும் கிடைக்கும் என்ற தைரியம் வந்துவிடும். அட்டயாற்றைத் தாண்டினால் நிழலில்லாத புல்மேடு, அப்புறம் தேரிகள். அங்கே போய்ச் சேரும்போது பெரும்பாலும் உச்சிவெயில்.

ஜீன்ஸ்

வேண்டாம்.

பாறையில் கயிறு

உச்சிக்கு முந்திய பாறைகளில் கட்டியிருக்கும் கயிற்றை, மேலே போகிறவர் கையை எடுக்கும்வரை நீங்கள் தொடாதீர்கள்.

வழிகாட்டியை முந்துவது

மூன்றாம் நாள் வீட்டு நினைப்பில் ஓடுகிறவர்கள்தான் அதிகம். ஒருமுறை எங்கள் வழிகாட்டி திடீரென்று குத்தவைத்து, வழியில் கிடந்த யானை லத்தியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை உதட்டில் வைத்தார். சூடு ஆறவில்லை. இருபது நிமிடம் யாரும் அசையவில்லை. அப்புறம், நிற்காமல் நடந்திருந்தால் நாங்கள் போயிருக்க வேண்டிய வளைவில் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது.

நம் தம்பி அன்றைக்கு யாரையும் முந்தவில்லை. முந்தக் கால் வேண்டுமே. வழிகாட்டி பொறுக்கிக் கொடுத்த கம்பை ஊன்றிக்கொண்டு, கடைசி ஆளாகப் போனக்காடு வந்து சேர்ந்தார்.