கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனால் முதல் கேள்வி "என்ன ஆச்சு?" என்பதுதான். "தெரியலைங்க, வேலை செய்யலை" என்று சொன்னால், கடைக்காரர் எந்த பாகத்தின் பெயரையும் சொல்லி எந்த விலையும் கேட்கலாம். "ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை, ஒரு ராமைக் கழட்டினா மட்டும் வருது" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே மாறிவிடும். பல நேரம் கடைக்கே போக வேண்டியிருக்காது.

கேபினட்டை இதுவரை திறந்தே பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். லேப்டாப்புக்கு இது ஒத்துவராது. டெஸ்க்டாப்பில் எல்லாமே தனித்தனி பாகங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி, கோளாறு எதில் என்று பிடித்துவிடலாம். அதற்கு ஒரே ஒரு விதிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராமையும் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) கேபிளையும் சேர்த்து மாற்றி மெஷின் ஓடிவிட்டால், எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது. அடுத்த மாதம் மறுபடி படுத்துக்கொள்ளும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், புதிய பெயின்ட் பிரஷ் ஒன்று, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர், செல்போன். செல்போன் டார்ச்சுக்கு மட்டுமல்ல. ஒவ்வொரு ஒயரையும் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது அதன் அருமை தெரியும். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் (எல்லா பாகங்களும் வந்து சேரும் பெரிய அட்டை) மிச்சமிருக்கும் கரண்ட் வடியும். அப்புறம் கேபினட்டில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ராம் சிப்பைக் கொன்றுவிடும், நமக்கு உறைக்கக்கூடச் செய்யாது.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை, அதாவது எல்லா பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். உள்ளே கரண்டைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஆகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அப்படியே நிற்கலாம்.

பட்டனை அழுத்தினால் ஓர் அசைவும் இல்லை

1. அந்த பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள், இங்கேயே முடிந்துபோன கேஸ்கள் நிறைய.

2. யுபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு நேராகச் சுவர் பாயின்ட்டில் போடுங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ், லைட் எரிந்துகொண்டே கரண்ட் கொடுக்காமல் இருப்பதுண்டு.

3. பெரும்பாலான மானிட்டர்களின் பவர் கேபிளும் கேபினட்டின் பவர் கேபிளும் ஒரே வகைதான். மாற்றிப் போட்டுப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டு அணைந்திருக்கும்.

4. அடுத்தது பவர் பட்டன். பழைய கேபினட்டுகளில் பட்டனே தேய்ந்துபோகும். மதர்போர்டின் ஓரத்தில் பட்டன் ஒயர்கள் வந்து சேரும் ஊசிகள் இருக்கும். பவர் ஒயரைக் கழற்றிவிட்டு ரீசெட் பட்டனின் ஒயரை அதே இரண்டு ஊசிகளில் மாட்டுங்கள். இப்போது ரீசெட்டை அழுத்தினால் மெஷின் ஆன் ஆகிறதா? அப்படியானால் கெட்டது பட்டன்தான். ரீசெட்டையே பவர் பட்டனாக வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டலாம்.

5. இதற்கும் அசையவில்லை என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதிலிருந்து வரும் எல்லா ஒயர்களையும் போர்டிலிருந்தும் டிஸ்க்குகளிலிருந்தும் கழற்றுங்கள். 24 ஊசிகள் கொண்ட பெரிய கனெக்டரில் ஒரே ஒரு பச்சை ஒயர் இருக்கும். அதையும் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் சின்னக் கம்பித் துண்டால் இணைத்துவிட்டு, அதன் பிறகு பிளக்கைப் போடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றவே இல்லை என்றால் அது போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். லோடு ஏறினால்தான் ஃபேன் சுற்றும் விலை உயர்ந்த மாடல்கள் மட்டும் இதற்கு விலக்கு. சில புது மாடல்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே வரும். வண்ணத்தை வைத்து அடையாளம் காண முடியாவிட்டால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

மல்டிமீட்டர் இருந்தால் கறுப்போடு ஒப்பிட்டு மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை காட்ட வேண்டும். ஃபேன் சுற்றியதாலேயே எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது, லோடு இல்லாமல் சரியாகக் காட்டி, லோடு வந்ததும் விழுகிற ரகமும் உண்டு. கேபினட்டோடு சும்மா கொடுத்த எஸ்எம்பிஎஸ் என்றால் என் சந்தேகம் எப்போதும் முதலில் அதன் மேல்தான்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

வீட்டு டெஸ்க்டாப்பில் அதிகம் வருவது இந்தப் புகார்தான். "மதர்போர்டு போச்சு" என்ற தீர்ப்பு அவசரமாக வருவதும் இதற்குத்தான். நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் மானிட்டர். அதன் வீடியோ கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். "நோ சிக்னல்" என்றோ "கேபிளைச் சரிபார்" என்றோ எழுத்து வந்தால் மானிட்டர் பிழைத்திருக்கிறது. அதன் மெனுவில் எச்டிஎம்ஐயா விஜிஏவா, எந்த இன்புட் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்.

பிறகு கீபோர்டில் Num Lock கீயைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது; கோளாறு கேபிளிலோ, அதைச் செருகும் போர்ட்டிலோ, திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டிலோ. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் செருகிவிட்டுத் தேடுகிறவர்கள் நிறைய. இன்னொன்று, இன்டெல் ப்ராசசரின் (கணக்குகளைச் செய்யும் முக்கிய சிப், சிபியு) பெயர் 12400எஃப் என்பதுபோல எஃப் எழுத்தில் முடிந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டைக் கழற்றிவிட்டு போர்டிலிருந்து படம் எடுக்கலாம் என்ற யோசனை அங்கே பலிக்காது.

விளக்கு அசையவில்லை என்றால் மெஷின் தொடக்கச் சோதனையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. புதிய மதர்போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்கிலிருந்து தொடங்குவது) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சிக்கல். பழைய போர்டு என்றால் பீப் சத்தத்தைக் கவனியுங்கள். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது பயாஸ் (ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே உங்கள் போர்டின் மேனுவலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மேனுவல் இல்லையா, நேராக ராமுக்குப் போங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்லாட்டின் முனையில் உள்ள கிளிப்பை விரித்து ராமை எடுங்கள். அடியில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் கால்களை ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள், இரண்டு பக்கமும். தேய்த்த துகள் போகக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் விரல் படாமல் பிடியுங்கள். ஸ்லாட்டுக்குள் இருக்கும் தூசியை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். திரும்பச் செருகும்போது ராமில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் நேராக இருக்க வேண்டும். இரண்டு முனையையும் "டக்" என்று உட்காரும்வரை அழுத்துங்கள். புதியவர்கள் போர்டு உடைந்துவிடுமோ என்று பயந்து அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள், அதனாலேயே டிஸ்ப்ளே வருவதில்லை.

இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரு ராம் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் வரவில்லை, மற்றது எல்லாவற்றிலும் வருகிறது என்றால் கெட்டது ராம். எந்த ராமைப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் மட்டும் வரவில்லை என்றால் ஸ்லாட். ஒற்றை ராமை எந்த ஸ்லாட்டில் போட வேண்டும் என்பது சில போர்டுகளில் அச்சிட்டிருக்கும், இல்லாவிட்டால் மேனுவலில் இருக்கும். நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது. டிடிஆர்5 ராம் என்றால் மாற்றி மாட்டிய பிறகு முதல் தடவை திரை வரச் சில நிமிடம்கூட ஆகலாம், அதற்குள் அணைத்துவிடாதீர்கள்.

ராமிலும் ஒன்றும் இல்லையா? போர்டில் காசு அளவில் வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு மாட்டுங்கள். பயாஸ் செட்டிங்குகள் பழைய நிலைக்குத் திரும்பும். ஆன் செய்யும்போதெல்லாம் தேதியும் நேரமும் மாறிப்போகிறது என்ற புகாருக்கும் இந்தப் பேட்டரிதான் காரணம். வாட்ச் கடையிலேயே புதிதாகக் கிடைக்கும்.

கடைசியாக, எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஹார்டு டிஸ்க், தனி கிராஃபிக்ஸ் கார்டு (ப்ராசசரில் கிராஃபிக்ஸ் இருந்தால் மட்டும்), யுஎஸ்பியில் இருக்கும் அத்தனையும். எஸ்எம்பிஎஸ், போர்டு, ப்ராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், இவ்வளவுதான் மிஞ்ச வேண்டும். ப்ராசசருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 ஊசி பவர் கனெக்டர் ஒன்று தனியாக உண்டு. அது மாட்டாமல் இருந்தால் ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், டிஸ்ப்ளே மட்டும் வராது. இந்த நிலையில் திரை வந்தால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மாட்டி வாருங்கள். எதை மாட்டும்போது நிற்கிறதோ அதுதான். வரவே இல்லை, போர்டில் உப்பிய கெப்பாசிட்டரோ கருகிய தடமோ தெரிகிறது என்றால் இப்போது கடைக்குப் போகலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகிறது

எப்போது அணைகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆன் செய்து கொஞ்ச நேரம் கழித்து, அதுவும் கேம் அல்லது வீடியோ வேலையின்போது என்றால் பெரும்பாலும் சூடு. தெருவில் தண்ணீர் மோட்டாரோ வீட்டில் ஃபிரிட்ஜோ ஓடத் தொடங்கும் நொடியில் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் வோல்டேஜ், அல்லது பலமில்லாத எஸ்எம்பிஎஸ். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? அந்த பாயின்ட்டுக்கு எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கம்ப்யூட்டர்காரரை அல்ல.

சூடுதான் என்றால் ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். அங்கே சிபியு வெப்பநிலை காட்டும். சும்மா இருக்கும்போதே அது மளமளவென்று 80, 90 டிகிரி என்று ஏறினால் ப்ராசசர் மேல் இருக்கும் கூலர் (ஃபேனும் அதன் அடியில் உள்ள உலோகக் கட்டியும்) அதோடு ஒட்டி உட்காரவில்லை என்று சந்தேகிக்கலாம். இன்டெல் கூலர்கள் பலவற்றின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று கழன்றிருக்கும், அழுத்தினால் உட்கார்ந்துவிடும். கூலரைக் கழற்றினால் ப்ராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். தூசியைத் தட்டும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள்.

ஹார்டு டிஸ்க் சந்தேகம்

"டக் டக்" என்று தட்டும் சத்தம் கேட்டால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். போட்டோ, படிப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எரர் செக்கிங் ஓட்டினால் இருப்பதும் போய்விடும்.

சத்தம் இல்லை, மெஷின் மட்டும் நின்று நின்று ஓடுகிறது என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் 05, சி5, சி6 என்ற வரிசைகளில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் தேய்கிறது. சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், முதலில் டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

விண்டோஸ் நின்றுபோய்ப் பிழைச் செய்தி காட்டும் நீலத்திரை அடிக்கடி வந்தால் ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஓட்டுங்கள். பிழை காட்டினால் ராமை ஒவ்வொன்றாகப் போட்டு மறுபடி ஓட்ட வேண்டும்.

ஏதாவது ஒரு பாகம் கெட்டது என்று உறுதியானால் புதிது வாங்கும் முன் பழைய பில்லைத் தேடுங்கள். ராம், எஸ்எம்பிஎஸ், ஹார்டு டிஸ்க் மூன்றுக்கும் கம்பெனி வாரண்டி வருடக்கணக்கில் இருக்கும், பாகத்தின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் வைத்திருந்தால். கடையில் மாற்றினால் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.