தெற்கு சூடானில் நிவாரணப் பணி: பாதுகாப்பில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

தெற்கு சூடானுக்கு நிவாரணப் பணிக்குக் கிளம்புகிறவர்கள் துப்பாக்கிச் சண்டையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். சாலையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. தலைநகர் ஜூபாவைத் தாண்டினால் தார்ச்சாலை அரிது. மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்தை விழுங்கிவிடும். வண்டி மாட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில்தான் வழிப்பறியும் நடக்கும்.

முதல் தவறு வண்டிக்குள்ளேயே இருக்கிறது. லேண்ட் குரூசரின் பின்பக்கம் எதிரெதிரே நீள இருக்கைகள். அதில் பெல்ட் போடாமல் உட்கார்ந்து, காலடியில் தண்ணீர் கேன், மருந்துப் பெட்டி என்று அடுக்கிக்கொள்வார்கள். திடீர் பிரேக் போட்டால் 20 லிட்டர் கேன் யார் மேல் வந்து விழும் என்று சொல்ல முடியாது. சரக்கைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பெல்ட் இல்லாத இருக்கையில் ஆள் ஏற்றாதீர்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. இருட்டுவதற்குள் போய்ச்சேர முடியாதென்றால் அன்று கிளம்பவே வேண்டாம். "இன்னும் பத்து கிலோமீட்டர்தானே" என்ற பேச்சுக்கு டிரைவர் தலையாட்டினாலும் நீங்கள் ஆட்டாதீர்கள்.

சோதனைச் சாவடியில் பலர் பதற்றத்தில் போனை எடுக்கிறார்கள். படம் பிடிக்கிறான் என்று சிப்பாய் நினைத்தால் பேச்சு வேறு திசையில் போய்விடும். தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கூலிங்கிளாஸைக் கழற்றி, கைகளைத் தெரியும்படி வையுங்கள். ஒருவர் மட்டும் பேசட்டும். உள்ளூர் மொழி தெரிந்த டிரைவரே பேசுவது நல்லது. அடையாள அட்டை மேல்பையில் இருக்கட்டும். பைக்குள் கையை விட்டுத் துழாவுவது அங்கே ஆபத்தான அசைவு.

ரேடியோ அழைப்பைத் தவறவிடுவதை யாரும் தவறாகவே எடுத்துக்கொள்வதில்லை. குறித்த நேரத்தில் உங்கள் குரல் வராவிட்டால் தேடத் தொடங்குவதுதான் ஏற்பாடு. நான்கு நாள் சோம்பலாக இருந்தால், ஐந்தாம் நாள் நிஜமாகவே மாட்டிக்கொண்டாலும் "வழக்கம்போல மறந்திருப்பார்" என்று விட்டுவிடுவார்கள். பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசுங்கள். உடனே பேசினால் முதல் சொல் அறுந்துபோகும்.

சட்டையில் இருக்கும் சின்னம் காப்பாற்றும் என்ற நம்பிக்கை பொல்லாதது. 2006 ஆகஸ்டில் இலங்கையின் மூதூரில் பிரெஞ்சு நிவாரண அமைப்பின் ஊழியர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே கொல்லப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழர்கள். ஐ.நா. முகாம் பக்கத்தில் இருக்கிறது என்பதும் போதாது: 2016 ஜூலையில் ஜூபாவின் டெரெய்ன் விடுதியைச் சிப்பாய்கள் தாக்கியபோது, உதவி கேட்டும் பக்கத்து முகாமிலிருந்து அமைதிப்படை வரவில்லை. வெளியேற முடியாமல் உள்ளேயே சில நாள் அடைந்திருக்கத் தயாராக இருங்கள். ஆளுக்கு நாளைக்கு குறைந்தது 3 லிட்டர் குடிநீர், சமைக்காமல் சாப்பிடும் உணவு, பவர் பேங்க், சிறு டாலர் நோட்டுகள் வேண்டும். 2006க்கு முந்தைய நோட்டுகளைப் பலர் வாங்குவதில்லை.

மலேரியா மாத்திரையை ஊர் திரும்ப விமானம் ஏறியதும் நிறுத்திவிடுகிறார்கள். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பிறகும் 7 நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும். ஊரில் காய்ச்சல் வந்தால், எங்கிருந்து வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

கடைசியாக, அலுவலக சாட்டிலைட் போனைப் பையில் போட்டபடி இந்தியாவுக்கு விடுமுறைக்கு வராதீர்கள். அனுமதியில்லாத துராயா, இரிடியம் கருவிகளுக்கு இங்கே தடை. விமான நிலையத்திலேயே பிடித்துவைப்பார்கள்.