ஒளிந்து எடுக்காதீர்கள்: தெருப் புகைப்படத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வந்திறங்கிய பெருநகரத்தில் கேமராவோடு தெருவுக்குள் நுழைபவர்கள் செய்யும் முதல் தவறு, ஒளிந்து எடுப்பது. சாலையின் எதிர்ப்புறம் நின்றுகொண்டு 200 மி.மீ. லென்ஸில் யாரோ ஒருவரின் முகத்தை இழுத்துப் பிடிப்பார்கள். அல்லது கைபேசியில் எதையோ படிப்பதாகப் பாவனை செய்தபடி எதிரே இருப்பவரை எடுப்பார்கள். பிடிபட்டால் வம்பு. பிடிபடாவிட்டாலும் படம் தேறுவது அபூர்வம். அவ்வளவு தொலைவிலிருந்து எடுத்த முகத்துக்குப் பின்னால் எல்லாம் கரைந்துபோயிருக்கும். எந்த ஊர், எந்தத் தெரு என்றே தெரியாது. அதற்கு இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருக்க வேண்டியதில்லை.

28 அல்லது 35 மி.மீ. அகலக்கோண லென்ஸைப் போட்டுக்கொண்டால் நெருங்கித்தான் ஆக வேண்டும். நெருங்கி நிற்பவர் எல்லோர் கண்ணிலும் படுவார். அதுவே பாதுகாப்பு, மறைக்கிறவர்மீதுதான் சந்தேகம் வரும்.

தெருவோரம் ஒருவர் கைக்கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடந்தபடியே ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டு ஓடாதீர்கள். மேசையருகே சற்று நின்று அவர் வேலையைப் பாருங்கள். அவர் நிமிர்ந்தால், கேமராவை லேசாக உயர்த்தி ஒரு பார்வையால் கேளுங்கள். மொழி தெரிய வேண்டியதில்லை. தலையை ஆட்டி மறுத்தால் கேமராவை இறக்கிவிட்டு நகருங்கள். சம்மதித்தால் உடனே முதுகை நிமிர்த்துவார், சட்டைக் கழுத்தைச் சரிசெய்வார், விறைப்பாகிவிடுவார். அந்தப் படத்தையும் எடுங்கள், அது அவருக்காக. பலர் அத்தோடு நன்றி சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள். அதுவும் ஒரு தவறு. இன்னும் கொஞ்சம் நின்றால் அவர் உங்களை மறந்து, உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிக்கொண்டு, இடுக்கி நுனியில் கடுகளவு திருகு ஒன்றைத் தூக்குவார். நீங்கள் காத்திருந்த படம் அதுதான்.

நொடியில் கலைந்துவிடும் காட்சிகளில் முன்கூட்டிக் கேட்க முடியாது, உண்மைதான். அங்கே முதலில் எடுத்துவிட்டு, கண்கள் சந்தித்ததும் புன்னகைக்கலாம். அழிக்கச் சொன்னால் சட்டம் பேசாமல் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள்.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது: ‘பொது இடம்தானே, யாரையும் எடுக்கலாம்’ என்ற நினைப்பு எல்லா நாட்டிலும் செல்லாது. டைம்ஸ் சதுக்கத்தில் தன்னைக் கேட்காமல் எடுத்த படத்துக்காக ஒருவர் ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக் கலைஞர்மீது தொடுத்த வழக்கை நியூயார்க் நீதிமன்றம் 2006இல் தள்ளுபடி செய்தது. அது கலை என்றது. ஆனால் 1998இல் கனடா உச்ச நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. கியூபெக்கில் கட்டடப் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அனுமதியின்றி ஒரு பத்திரிகை வெளியிட்டிருந்தது. அவருக்கு 2,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. ஜெர்மனியில் ஒருவர் உருவத்தை வெளியிட அவர் ஒப்புதல் வேண்டும் என்னும் 1907ஆம் ஆண்டுச் சட்டம், சில விலக்குகளோடு, இன்றும் நடப்பில் இருக்கிறது. ஹங்கேரியின் 2014 சிவில் சட்டப்படி படம் எடுப்பதற்கே ஒப்புதல் தேவை. ஜப்பானில் கியோட்டோ நகரின் கியோன் பகுதியிலோ, தனியார் சந்துகளில் படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று 2019இல் பலகையே வைத்துவிட்டார்கள். விமானம் ஏறுமுன் போகிற நாட்டின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

நடைபாதையில் படுத்திருப்பவர்களை எடுப்பது எனக்கு அறவே பிடிக்காது. எழுந்து போக அவர்களுக்கு வேறு இடமில்லை என்பதால்தானே அவ்வளவு எளிதாகக் கிடைக்கிறார்கள்? புகைப்படக் கலைஞர் டோரதியா லாங் 1936இல் கலிபோர்னியாவில் ஓர் ஏழைத் தாயை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அவர் அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தாய் மனக்கசப்போடு சொன்னார். குழந்தைகள் என்றால் உடன் வந்த பெரியவரைக் கேட்காமல் எடுக்கவே வேண்டாம்.

கருவி சார்ந்த தவறுகள் சிலவே. ஒன்று, தானியங்கி ஃபோகஸை நம்பித் தருணத்தைத் தவறவிடுவது. முழுச்சட்டக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு உணரி கொண்டது) 35 மி.மீ. லென்ஸின் துளையை எஃப்/8 அளவில் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால் ஏறக்குறைய 2 முதல் 7 மீட்டர்வரை தெளிவாக விழும். நடப்பவர்களுக்கு ஷட்டர் நொடியில் 250இல் ஒரு பங்குக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. இன்னொன்று, ஒவ்வொரு சொடுக்குக்கும் திரையைக் குனிந்து பார்ப்பது. நல்ல காட்சிகள் அந்தக் குனிந்த நேரத்தில்தான் கடந்துபோகும்.

எடுத்த சூட்டோடு, இடக்குறியோடு இணையத்தில் ஏற்றுவதும் வேண்டாம். மருத்துவமனை வாசலிலோ போராட்டத்திலோ தெரிந்த முகம், அங்கே இருந்தது யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தவருடையதாக இருக்கலாம். முகம் தெரியும் படங்களை ஊர் திரும்பிய பிறகு ஆறஅமரப் பார்த்து ஏற்றுங்கள். இடத் தகவலை நீக்கிவிட்டுப் பகிரும் வசதி இப்போது பல கைபேசிகளில் இருக்கிறது.